‘பிழையில்லை’ என்று மூடிய அறிக்கை

சுகுமாறன் கெலிப் என்ற கணினி மொழியை எழுதத் தொடங்கியபோது அவனுக்கு இருபத்தேழு வயது. ஜொகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டே இளநிலை மாணவர்களுக்கு ஆய்வுக்கூட வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். தம்போயில் ஒரு கார்ப் பட்டறைக்கு மேலே வாடகை அறை. கீழே வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் உட்கார்ந்துதான் மொழியின் இலக்கணத்தையும், அதில் எழுதுவதைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலரையும் பகுதி பகுதியாகக் கட்டினான்.

அது சார்புகளை அடிப்படையாகக் கொண்ட மொழி. பள்ளிக் கணக்கில் வருவதைப் போல, ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் பிறகு அது மாறாது. நடுவழியில் எவரும் மாற்றிவிட முடியாததால் தவறுகள் குறையும், எழுதியதை அப்படியே நம்பலாம் என்பது அந்த வகை மொழிகளை விரும்புகிறவர்களின் வாதம். சுகுமாறன் அதைப் பற்றிப் பக்தனைப் போலப் பேசுவான்.

மொழிக்குப் பெயர் வைத்தது லோஷினி. அவனுடைய வகுப்பில் இருந்த மாணவி. ஆயர் ஈத்தாமில் லாரி ஓட்டும் காளியப்பனின் ஒரே மகள். துறை மாணவர்கள் கோத்தா திங்கி ஆற்றில் படகேறி மின்மினிகளைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், மின்மினிக்கான மலாய்ச் சொல்லில் பாதியை எடுத்துச் சொன்னாள். சின்னப் பெயர், எந்த நாட்டுக்காரன் வாயிலும் நுழையும் என்றாள். மற்றவர்கள் தேர்வுக்கு வேண்டியதை மட்டும் படித்துவிட்டுப் போனபோது, அவள் கம்பைலரின் உள்ளே போய் வரிவரியாகப் படித்து, இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று வந்து கேட்பாள். அவன் எழுதியதில் குறை கண்டுபிடிக்க அப்போது அவள் ஒருத்திதான் இருந்தாள். அதில் அவனுக்குப் பெருமைதான். “நீ கேட்டா பயமா இருக்குலா” என்று சொல்லிச் சிரிப்பான்.

படிப்பு முடிந்து அவள், ஜேபி என்று எல்லாரும் சொல்லும் ஜொகூர் பாருவில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தாள். மருந்துக் கிடங்குகளின் குளிர் அறைகளைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்யும் இடம் அது. சுகுமாறன் கெலிப்பை எல்லாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் பொதுவில் வைத்தான். மெல்ல மெல்லப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாநாடுகளில் பேசக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: மொழி அழகாக இருக்கிறது, ஆனால் மெதுவாக ஓடுகிறது.

அந்தக் குறை அவனை உறுத்தியது. 2018இல் ஒரு மாதம் வேறு வேலை பார்க்காமல் கம்பைலரின் வேகத்தைக் கூட்டினான். ஒரு நிரலில் ஒரே கணக்கு இரண்டு இடத்தில் வந்தால் ஒரு தடவை மட்டும் போட்டு, விடையை இரண்டு இடத்துக்கும் கொடுத்துவிடலாம். எதுவும் மாறாத மொழியில் அது நியாயமான சிக்கனம். ஆனால் இரண்டு கணக்குகளும் உண்மையிலேயே ஒன்றுதானா என்று முழுக்க ஒப்பிட்டுப் பார்க்க நேரம் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சுருக்கமான அடையாள எண் கொடுத்து, எண் ஒன்றாக இருந்தால் கணக்கும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளும்படி எழுதினான். இரண்டு வெவ்வேறு கணக்குகளுக்கு ஒரே எண் அமைவது கோடியில் ஒரு தடவைகூட நடக்காது என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தான். வேகம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடியது. பாராட்டு குவிந்தது.

லோஷினி தன் நிறுவனத்தில் கெலிப்பைக் கொண்டுவந்தது அந்த வருடக் கடைசியில்தான். மேலாளருக்கு விருப்பமில்லை. பேர் தெரியாத மொழி, நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்றாராம். எழுதியவரை எனக்குத் தெரியும், ஏதாவது என்றால் நேரே கேட்பேன் என்று அவள் பொறுப்பேற்றுக்கொண்டாள். இதை அவளே சுகுமாறனிடம் போனில் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

2019 நவம்பரில் அந்த நிறுவனம் கண்காணித்த ஒரு கிடங்கில் குளிர் அறைக் கதவின் ரப்பர் விளிம்பு வெள்ளிக்கிழமை மாலை பிய்ந்துபோனது. அறையில் இரண்டு உணர்கருவிகள் இருந்தன, ஒன்று உட்புறம், ஒன்று கதவோரம். கதவோரம் வெப்பம் ஏறிக்கொண்டே போனது. திரையில் மட்டும் இரண்டு இடத்திலும் நான்கு டிகிரி என்றே இரண்டு நாளும் காட்டியது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தவர்களுக்கு முகத்தில் குளிர் அடிக்காததால்தான் விஷயமே தெரிந்தது. அறையிலிருந்த இன்சுலின் முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை காலை, குளிர் இன்னும் முழுக்கக் குறையாத நேரத்தில் வெளியே போயிருந்த பெட்டிகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கினார்கள். நல்லவேளையாக எந்த நோயாளி கைக்கும் அவை போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

நிரலை எழுதியவள் லோஷினி. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். கருவிகள் அனுப்பிய எண்கள் சரியாகப் பதிவாகியிருந்தன. அவள் எழுதிய கணக்கைக் காகிதத்தில் போட்டால் சரியான விடை வந்தது. ஓட்டினால் மட்டும் கதவோர வெப்பத்தின் இடத்தில் உட்புற வெப்பம் வந்து நின்றது. எஞ்சியது கம்பைலர் ஒன்றுதான். கெலிப்பின் பொதுத் தளத்தில் ஒரு பிழை அறிக்கை எழுதினாள். வரிசையில் அது 212ஆவது. நிறுவனத்தின் பெயர்களை மாற்றிவிட்டு நிரலையும் கூடவே இணைத்திருந்தாள். சுகுமாறனுக்குத் தனியாக ஒரு செய்தியும் அனுப்பினாள்: “அண்ணே, ஒரு தடவ பாருங்க. ரெண்டு சென்சாருக்கும் ஒரே நம்பர் வருது.”

சுகுமாறனுக்கு அந்தச் சமயம் வேறு ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் கெலிப்பைத் தன் வேலைகளுக்கு எடுத்துக்கொள்ளவும், அவனைக் கூப்பிட்டு நாலு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவனாக வைக்கவும் யோசித்துக்கொண்டிருந்தது. கடைசிச் சந்திப்பு அடுத்த வாரம் வியாழக்கிழமை. அவர்கள் கெலிப்பின் தளத்தைத் தினமும் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். கம்பைலர் தவறான விடை தருகிறது என்ற அறிக்கை அங்கே திறந்து கிடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவளுடைய நிரலை இறக்கி, தான் வழக்கமாகச் சோதனை செய்யும் கோப்புறையிலேயே ஓட்டினான். திரையில் 4.1, 4.1 என்று இரண்டு வரிகள் வந்தன.

அவன் கை நின்றுவிட்டது. பிறகு, பழைய கோப்புகள் ஏதாவது மிச்சமிருந்து கலந்திருக்கும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் செய்து ஓட்டினான். 4.1, 18.7. சரியான விடை. முதலில் செய்த மாதிரியே இன்னொரு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும். அவன் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். மணியைப் பார்த்தான். வியாழக்கிழமைச் சந்திப்பில் காட்ட வேண்டிய விளக்கப்படங்கள் பாதியில் கிடந்தன.

அறிக்கையின் கீழே பதில் எழுதினான். என் கணினியில் சரியான விடையே வருகிறது, கம்பைலரில் பிழையில்லை, உங்கள் நிரலை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள் என்று எழுதினான். அதோடு விட்டிருக்கலாம். தன் நிரலில் உள்ள தவறுக்குக் கம்பைலரைக் குறை சொல்வது புதியவர்கள் எல்லாரும் செய்வதுதான் என்று ஒரு வரியையும் சேர்த்தான். ‘பிழையில்லை’ என்ற சீட்டை ஒட்டி அறிக்கையை மூடினான். யார் யாரோ அந்தப் பதிலுக்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். லோஷினி கீழே, சரி, நன்றி என்று இரண்டு சொல் எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் போன் செய்தாள். திங்கட்கிழமை அலுவலகத்தில் விசாரணை என்றாள். கம்பைலர் தப்பு என்று ஒத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ‘பிழையில்லை’ என்பதை மட்டும் எடுத்துவிட்டு, இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு வரி போட முடியுமா என்று கேட்டாள். அவள் குரல் தணிந்திருந்தது.

“லோஷினி, நான் பாத்தேன், சரியா வந்துச்சு. உனக்காகப் பொய் எழுத முடியாதுலா” என்றான் சுகுமாறன்.

“சரிண்ணே” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவளுடைய மேலாளர் சுகுமாறனின் பதிலை அச்செடுத்து மேசையில் வைத்தார். மொழியை எழுதியவரே சொல்லிவிட்டார், இதற்குமேல் என்ன என்றாராம். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சுகுமாறனுக்கு இது ஒரு மாதம் கழித்து, அவளோடு படித்த ஜீவன் சொல்லித்தான் தெரிந்தது. அப்போது அவன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். போன் செய்யலாம் என்று நினைத்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டான். மார்ச் மாதம் கொள்ளைநோயால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பாலம் மூடப்பட்டது. அவன் அக்கரையில் ஒரு வாடகை அறையில் மாட்டிக்கொண்டான்; மனைவி பிரேமலா தம்போயில் தனியாக இருந்தாள். எத்தனையோ பேருக்கு வேலை போயிற்று. அவர்களில் லோஷினியும் ஒருத்தி என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

ஆறு வருடம் ஓடியது. சுகுமாறன் தம்போயிலேயே வீடு வாங்கினான். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வேலைக்குப் போய் வந்தான். கெலிப் வளர்ந்தது. அந்த ஆறாவது வருடம் அவனுடைய குழு ஒரு புதிய சோதனைக் கருவியைச் செய்தது. அந்தக் கருவி தானாகவே ஆயிரக்கணக்கான நிரல்களை எழுதும். ஒவ்வொன்றையும் வேகம் கூட்டியும் கூட்டாமலும் இரண்டு விதமாக ஓட்டி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் அந்த நிரலைச் சுருக்கிச் சுருக்கி, பிழை தெரியும் மிகச் சிறிய வடிவத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அதன் பெரும் பகுதியை எழுதியவன் சுகுமாறன்தான்.

அதை ஓட்டத் தொடங்கிய மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, கருவி ஒன்பது வரி கொண்ட ஒரு நிரலைக் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டு வெவ்வேறு சராசரிகள். இரண்டுக்கும் ஒரே விடை.

அவன் காரணத்தைத் தேடிப் போனான். அடையாள எண் கணக்கிடும் இடத்தில், சில வடிவக் கணக்குகளின் கடைசிப் பகுதி எண்ணில் சேராமல் விடுபட்டிருந்தது. கோடியில் ஒன்று என்று அவன் நினைத்தது அவ்வளவு அரிதாகவே இருக்கவில்லை. அதுவும் முன்பு கம்பைல் செய்த கோப்புகளை வைத்துக்கொண்டு மாறியதை மட்டும் கம்பைல் செய்யும்போதுதான் எண்கள் ஒன்றாக அமைந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தால் எண்கள் மாறிப் பிழை மறைந்துவிடும். அந்த வரியை எழுதியது யார், எப்போது என்று பார்த்தான். அவன் பெயர். 2018. பக்கத்தில் அவனுடைய குறிப்பு: முழு ஒப்பீடு தேவையில்லை.

212ஆம் அறிக்கையைத் திறந்தான். அவள் இணைத்த நிரல் அங்கேயே இருந்தது. பழைய கம்பைலரை எடுத்து, அவள் செய்திருக்கக்கூடிய முறையிலேயே ஓட்டினான். 4.1, 4.1. அலுவலகத்தில் யாரோ காப்பிக்குக் கூப்பிட்டார்கள். அவனுக்குக் காதில் விழவில்லை.

அன்று மாலை வீட்டில் பிரேமலாவிடம் சொன்னான். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணினி விவரம் அவளுக்கு அதிகம் தெரியாது, ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்பவே உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?” என்றாள்.

இல்லை என்றான். சொல்லி முடிக்குமுன்பே முகம் சுட்டது. முதல் தடவை வந்த அந்த இரண்டு வரிகளைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை. நாளாக ஆக, அப்படி ஒன்று நடந்ததா என்றே அவனுக்குச் சந்தேகம் வரும்படி மனம் அதை மூடிவைத்திருந்தது. இன்று அதே இரண்டு எண்களைப் பார்த்ததும் அன்று கை நின்றது வரை நினைவுக்கு வந்துவிட்டது.

லோஷினிக்கு மெசேஜ் அனுப்பக்கூடாது, நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று மட்டும் பிரேமலா சொன்னாள்.

ஜீவனிடம் விலாசம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாமுக்குக் கார் ஓட்டிப் போனான். மண்பாண்டக் கடைகளைத் தாண்டி உள்ளே திரும்பினால் தாமான் என்று சொல்லும் ஒரு பழைய குடியிருப்பு; சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். லோஷினியின் அம்மா செல்வராணிதான் கதவைத் திறந்தார். ஸ்கூடாயில் மகளுக்கு வகுப்பு எடுத்தவன் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடைக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்று உட்கார வைத்து, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்தார். அப்படிப்பட்ட உபசாரத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. சுவரில் மாலை போட்ட காளியப்பனின் படம் இருந்தது. இறந்து மூன்று வருடம் ஆகிறது என்றார்.

தானாகவே மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவ்வளவு படித்துவிட்டு இங்கே ஒரு லாரி கம்பெனி அலுவலகத்தில் வண்டிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள் என்றார். நல்ல பெயர்தான், முதலாளிக்கு அவள் இல்லாமல் ஒன்றும் ஓடாது. ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை.

“ஜேபியில நல்ல வேலையிலதான் இருந்தா தம்பி. ஏதோ கணக்குல தப்பு பண்ணிட்டா. மருந்தெல்லாம் கெட்டுப்போச்சாம். வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. இவ அப்பாவுக்கு ரொம்பக் கேவலமா போச்சு” என்றார் செல்வராணி.

சுகுமாறன் வடையைத் தட்டில் வைத்துவிட்டான். அப்போதே சொல்லியிருக்கலாம்.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காய்கறிப் பையோடு உள்ளே வந்த லோஷினி அவனைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெளியே வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்குப் போனாள். அங்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. உட்காரச் சொல்லவில்லை, இருவரும் நின்றுகொண்டே பேசினார்கள்.

அவன் சொன்னான். சோதனைக் கருவி, ஒன்பது வரி, அடையாள எண், விடுபட்ட பகுதி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். மடிக்கணினியைக்கூடக் கொண்டுவந்திருந்தான், அவள் பார்க்க வேண்டாம் என்றாள். அவன் பாதி சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. எண்ணில் சேராமல் விடுபட்ட இடம் எது என்று அவளே சொன்னாள். அதைச் சுற்றியிருந்த பழைய பகுதிகளை மாணவியாக இருந்தபோதே வரிவரியாகப் படித்திருக்கிறாள்.

“ஒன்னு மட்டும் கேக்கறேன்” என்றாள். “அன்னைக்கு நீங்க ஓட்டிப் பாத்தீங்கல்ல. சரியாவேதான் வந்துச்சா?”

பழையபடி அண்ணே என்று அவள் கூப்பிடவில்லை என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை வழியெல்லாம் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தான். அது நினைவுக்கு வரவில்லை.

“மொத தடவ தப்பா வந்துச்சு. ரெண்டும் ஒரே நம்பர். பழைய ஃபைலு கலந்திருக்கும்னு அழிச்சிட்டு திரும்ப ஓட்டுனேன். சரியா வந்துச்சு. அதோட விட்டுட்டேன்.”

“ஏன் விட்டீங்க?”

“வியாழக்கெழம எனக்கு இன்டர்வியூ இருந்துச்சு.”

லோஷினி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அவன் எதிர்பார்த்த மாதிரி திட்டவும் இல்லை. கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது மூன்று மாதம் அந்த நிரலைக் காகிதத்தில் எழுதி வைத்து வரிவரியாகப் பார்த்ததாகச் சொன்னாள். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாததே தனக்கு அறிவு போதாது என்பதற்கு அத்தாட்சியாகத் தெரிந்தது. பிறகு கோலாலம்பூரில் ஒரு இடத்துக்கு நேர்காணலுக்குப் போனபோது, முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். என் தவறு என்று சொன்னாள். அதற்கப்புறம் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை.

“வேல போனது பரவால்ல, வேற வேல கெடச்சிருச்சு” என்றாள். “நான் பாத்தது சரின்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நீங்க சொன்னதுக்கப்புறம், நான் எதப் பாத்தாலும் அது சரிதானான்னு எனக்கே தெரியாமப் போச்சு. அந்த ஒரு தடவ தப்பா வந்துச்சுன்னு மட்டும் நீங்க சொல்லியிருந்தா போதும்.”

மன்னித்துவிடு என்று சுகுமாறன் சொன்னான். அவள் அதைக் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“உள்ள வந்து அம்மாகிட்ட சொல்லுங்க. கம்ப்யூட்டர் பேச்செல்லாம் வேணாம். அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

அவன் உள்ளே போனான். செல்வராணி காய்கறிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே நின்று, உங்கள் மகள் எந்தத் தப்பும் செய்யவில்லை, தப்பு நான் செய்த கருவியில் இருந்தது, அவள் அதைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னாள், தப்பே இல்லை என்று நான் எழுதிவிட்டேன், அதனால்தான் அவளுக்கு வேலை போயிற்று என்றான். லோஷினி வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்வராணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார், பிறகு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“இது தெரியாமலே அவரு போயிட்டாரே” என்றார்.

அதற்குமேல் அந்த வீட்டில் நிற்க அவனால் முடியவில்லை. போய் வருகிறேன் என்றான். கார் வரை லோஷினி வந்தாள். இதையெல்லாம் அந்த அறிக்கைக்குக் கீழேயே எழுத வேண்டும், முதல் தடவை தப்பாக வந்தது உட்பட, என்றாள். எழுதுகிறேன் என்றான்.

வீடு திரும்பியதும் முதலில் பிரேமலாவிடம் உண்மையைச் சொன்னான். வியாழக்கிழமை கேட்டபோது ஏன் இல்லை என்றீர்கள் என்று அவள் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய்ப் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தத் தொடங்கினாள்.

மறுநாள் 212ஆம் அறிக்கையைத் திரும்பத் திறந்து, ‘பிழையில்லை’ என்ற சீட்டை எடுத்தான். நடந்ததை எழுதினான். அறிக்கை எழுதியவர் சொன்னது முழுக்கச் சரி. அன்று என் கணினியிலும் ஒரு முறை தவறான விடை வந்தது. அதை நான் மறைத்தேன். அவரைப் பற்றி எழுதிய வரி அநியாயமானது என்று நாலு பத்திகள். சிங்கப்பூரில் அவனுடைய மேலதிகாரி கூப்பிட்டுப் பேசினார். பிழையைப் பற்றி எழுதியது சரி, மறைத்தேன் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடு, வாடிக்கையாளர்கள் படிப்பார்கள் என்றார். சுகுமாறன் மறுத்தான். இரண்டு வாரத்தில் அவனைக் கம்பைலர் வெளியீட்டுப் பொறுப்பிலிருந்து மாற்றினார்கள். சோதனைகள் எழுதுவதும் கையேடு திருத்துவதும் இப்போது அவன் வேலை. குழுவுக்கு வேறொருவர் தலைவர்.

அதைவிட அவனைச் சங்கடப்படுத்தியது வேறு. எங்கெங்கோ இருந்தவர்கள் அவனுடைய நேர்மையைப் பாராட்டி எழுதினார்கள். எவ்வளவு துணிச்சல், இப்படி ஒத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்றார்கள். அறிக்கை எழுதியவளைப் பற்றி ஒரே ஒருவர்தான் கேட்டிருந்தார். ஒருநாள் அந்தப் பாராட்டுகளை எல்லாம் படிக்காமல் மூடிவிட்டான்.

லோஷினியின் பழைய நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். அது கைமாறி வேறு பெயரில் இயங்கியது. பழைய ஆட்கள் யாரும் அங்கே இல்லை. மேலாளரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினான். அவருக்கு அந்தச் சம்பவமே மெல்லத்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் பதிலை நம்பித்தானே முடிவெடுத்தோம் என்றார். பழைய கதை, இனி இதற்காகக் கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னார். கடிதத்தின் ஒரு பிரதியை லோஷினிக்கு அனுப்பினான். அதோடு, தன் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அவளைவிடப் பொருத்தமானவர் இல்லை என்றும் எழுதினான். வேண்டாம் என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

பிழையைத் திருத்திய புதிய கம்பைலர் வெளியானபோது, கூடவே வரும் குறிப்பில், இதை முதலில் கண்டுபிடித்தவர் லோஷினி காளியப்பன் என்று சேர்க்கும்படி சுகுமாறன் புதிய தலைவரிடம் கேட்டுக்கொண்டான். அவரும் சேர்த்தார். இரண்டு நாள் கழித்து லோஷினியிடமிருந்து செய்தி வந்தது.

“என் பேர எடுத்துடுங்க. ஆபீஸ்ல யாரோ பாத்துட்டுக் கேக்கறாங்க. எனக்கு அதப் பத்திப் பேச இஷ்டம் இல்ல.”

அவன் எடுக்கச் சொன்னான். இப்போது அந்த இடத்தில் ஒரு பயனர் என்று இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஆயர் ஈத்தாமுக்குப் போய் அந்த அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டுமா என்று பிரேமலாவிடம் கேட்டான். பலகாரம் எடுத்துக்கொண்டு இருவருமாகவே போகலாம் என்றான். பிரேமலா யோசித்துவிட்டு, அவர்கள் கூப்பிட்டால் போகலாம், நாமாகப் போய் அந்தப் பண்டிகை நாளில் நிற்க வேண்டாம் என்றாள்.

தீபாவளி போய்விட்டது. அவர்கள் கூப்பிடவில்லை.